அவர் பார்க்காத ஓடை

“நீ பாத்தியா?”

யார் எதைச் சொன்னாலும் அக்கா முதலில் கேட்பது அதைத்தான். மேலகரத்தில் ஒரு வேன் கவிழ்ந்துவிட்டதாம் என்று ஒருநாள் பதறிப்போய்ச் சொன்னேன். “நீ பாத்தியா?” இல்லை, டீக்கடையில் பேசிக்கொண்டார்கள் என்றேன். “அப்பம் டீக்கடையில பேசிக்கிட்டாங்கன்னு சொல்லு. வேன் கவுந்துட்டுன்னு எதுக்குச் சொல்லுத?” கவிழ்ந்தது வேன் இல்லை, வைக்கோல் ஏற்றி வந்த டிராக்டர் என்று சாயங்காலம் தெரிந்தது. அதை நான் அவரிடம் போய்ச் சொல்லவில்லை.

கூடப் பிறந்த அக்கா இல்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். தென்காசிக்குப் பக்கத்தில், மேலகரத்தில் தனியாக இருந்தார். நான் தென்காசியில் கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் இணையதளம் செய்து கொடுக்கும் தொழிலைத் தொடங்கியிருந்த சமயம். தேடினால் முதல் பக்கத்தில் வரவைப்பேன் என்று விசிட்டிங் கார்டில் அச்சடித்திருந்தேன். அந்தக் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நாள் மத்தியானம் வந்து நின்றார். “குத்தாலத்துல தண்ணி விழுதா இல்லையான்னு தினமும் எழுதணும். அதுக்கு ஒரு சைட்டு வேணும் தம்பி. வேற ஒண்ணும் வேண்டாம்.”

அதற்கு முன் பதினைந்து வருடம் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் இருந்திருக்கிறார். சீசன் தொடங்கினால் விடிந்ததிலிருந்து போன் அடிக்கும். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: தண்ணி எப்படி? லாட்ஜ்காரர் சொல்லிக் கொடுத்திருந்த பதில், “நல்லா விழுது, வாங்க.” அக்கா காலையில் வேலைக்கு வரும்போதே பேரருவியை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். நூலாக விழுந்தால் நூலாக விழுகிறது என்பார். குளிக்கத் தடை போட்டிருந்தால் தடை என்பார். அறைகள் காலியாகக் கிடந்தன.

“ஏட்டி, தண்ணி இல்லன்னு நீ எதுக்குச் சொல்லுத? வந்து பாத்துக்கிடட்டும்” என்று லாட்ஜ்காரர் சத்தம் போட்டிருக்கிறார்.

“வந்து பாத்தா என்னையத்தான அண்ணாச்சி வைவாங்க. நீங்க மாடியிலல்லா இருப்பிய.”

மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதை அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வேலை போனபிறகும் பழைய வாடிக்கையாளர்கள் அவருடைய சொந்த எண்ணைத் தேடிப் பிடித்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி வாய் வலித்ததால்தான் இணையதளம்.

மூன்று பக்கத்தில் செய்து கொடுத்தேன். தினமும் காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டரில் கிளம்புவார். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம். போனைப் பால் கவருக்குள் போட்டு இடுப்பில் செருகியிருப்பார். அருவியின் முன்னால் நின்று, அங்கேயே தட்டச்சு செய்வார். வீட்டுக்கு வந்து எழுதலாமே, சாரலில் நனைந்துகொண்டு ஏன் என்று கேட்டேன். “வீட்டுக்கு வாரதுக்குள்ள நம்ம மனசு கூடக் கொறைய ஆக்கிரும்” என்றார்.

அவர் எழுதியது இப்படி இருக்கும்: “காலை 6.20. பேரருவியில் ஆண்கள் பக்கம் நன்றாக விழுகிறது. பெண்கள் பக்கம் குறைவு. குளிக்க விடுகிறார்கள். மலைமேல் கறுப்பாக இருக்கிறது. பத்து மணிக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.”

இந்தத் ‘தெரியாது’ எனக்குப் பெரிய தலைவலி. ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல். அன்றைய பதிவில், “இன்று நான் போகவில்லை. அருவி எப்படி இருக்கிறது என்று தெரியாது” என்று ஒரே வரி. நான் ஓடிப்போய், வேறு யாரிடமாவது போனில் கேட்டுப் போட்டிருக்கலாமே, இப்படி எழுதினால் வருகிறவன் திரும்ப வரமாட்டான், தேடலில் நம் இடம் இறங்கிவிடும் என்றேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, “தெரியாததத் தெரியாதுன்னு போட்டா என்ன, குடியா முழுகிரும்?” என்று கேட்டார்.

இன்னொரு தடவை ஐந்தருவியில் ஐந்து பிரிவிலும் தண்ணீர் விழுகிறது என்று எழுதிவிட்டார். அன்று ஒரே சாரல். மறுநாள் போய்ப் பார்த்தால் ஓரத்தில் ஒன்று காய்ந்து கிடந்திருக்கிறது. முந்தின நாளும் அப்படித்தான் இருந்தது என்று அங்கே கடை போட்டிருந்தவர் சொல்லியிருக்கிறார். உடனே தளத்தின் உச்சியில் போட்டார்: “நேற்று ஐந்தும் விழுகின்றன என்று எழுதினேன். நான்குதான். சாரலில் சரியாகப் பார்க்கவில்லை.” பழைய பதிவைத் திருத்திவிட்டால் போதும், ஊரறியப் போட வேண்டாம் என்று சொன்னேன்.

“அக்கா, அஞ்சா நாலான்னு யாரு எண்ணப்போறாங்க?”

“எண்ணுத ஒருத்தன் இருப்பாம்லா. அவனுக்குத்தான்.”

ஒரு வாரம் அந்த வரி உச்சியிலேயே இருந்தது.

நான் தொழிலில் கற்றதெல்லாம் இதற்கு நேர்மாறு. ஒரே விஷயத்தைப் பத்து விதமாக எழுதுவது, இருபது தளங்களில் போடுவது, ஆட்களை வைத்து விமர்சனம் எழுத வைப்பது. இப்படி நான் தூக்கிவிட்ட தளங்கள் நான்கு மாதம் மேலே இருக்கும், பிறகு தேடுபொறியின் விதி ஏதாவது மாறும், மொத்தமாகச் சரியும். அக்காவின் தளம் சரியவே இல்லை. அவர் ஒன்றும் செய்யாமலே வருடத்துக்கு வருடம் மேலே ஏறியது. செய்தித்தாள்காரர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். பள்ளிக்கூட வாத்தியார்கள் சுற்றுலா கிளம்புமுன் அதைப் பார்த்தார்கள். குற்றாலம் என்று தேடினால் பெரிய பெரிய பயண நிறுவனங்களுக்கெல்லாம் மேலே மேலகரத்து அக்கா இருந்தார். எனக்கு அதில் பெருமை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். பொறாமையும் இருந்தது.

பிறகு மக்கள் ஏஐயிடம் கேட்கத் தொடங்கினார்கள். ஒரு நாள் என் போனில் அதனிடம், “இன்று குற்றாலத்தில் குளிக்கலாமா?” என்று கேட்டு அக்காவிடம் காட்டினேன். குளிக்கலாம் என்று சொல்லி, ஆதாரமாக அவருடைய தளத்தைக் காட்டியது. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். நெற்றியைச் சுருக்கினார்.

“நான் குளிக்கலாம்னு எழுதலையே. ஏழு மணிக்கு விட்டுட்டு இருந்தாங்கன்னு எழுதுனேன். இப்பம் மணி பதினொண்ணு. இது நேரத்தத் தின்னுட்டு.”

அன்றிலிருந்து ஒவ்வொரு வாக்கியத்திலும் தேதியையும் நேரத்தையும் சேர்த்து எழுதினார். வாசிக்க அசிங்கமாக இருந்தது. “எந்த வரிய உருவி எடுத்தாலும் நேரமும் கூடப் போகணும்” என்றார். ஒவ்வொரு வாக்கியமும் தனியாக எடுத்தாலும் முழுதாக நிற்க வேண்டும் என்று, இந்தத் துறையில் பெரிய ஆட்கள் பிற்பாடு கட்டுரை கட்டுரையாக எழுதினார்கள். அக்கா அதை ஒரு நிமிடத்தில், யாரோ முன்பின் தெரியாத ஒருவன் வெள்ளத்தில் இறங்கிவிடக் கூடாதே என்ற பயத்தில் கண்டுபிடித்தார்.

பண்பொழி போகிற வழியில், மலையடிவாரத்தில் புதிதாக ஒரு ரிசார்ட் வந்தது. அதன் முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். எனக்கு அதுவரை அமையாத பெரிய வாடிக்கையாளர். தோப்புக்குப் பின்னால் ஓடுகிற ஓடையைக் காட்டினார். நான் போன அன்று நல்ல வெயில். முழங்கால் அளவுத் தண்ணீர், அடியில் கூழாங்கல் தெரிந்தது.

“பிள்ளைகளோட குளிக்க நல்ல எடம் எதுன்னு ஏஐ கிட்ட கேட்டா எங்க பேரச் சொல்லணும் தம்பி. எவ்வளவோ விளம்பரம் பண்ணியாச்சு. அது எங்கள மதிக்கவே மாட்டேங்கு. அந்த மேலகரத்துப் பொம்பள சொன்னா மட்டும் கேக்குது.”

நான் அக்காவிடம் போய்க் கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. “எழுதுனா என்ன? போய்ப் பாத்துட்டு எழுதுதேன். மழ பெஞ்ச மறுநா வாரேன்னு சொல்லு. பிள்ளைய எறங்குத எடம்னா அன்னைக்கு எப்படி இருக்குன்னுல்லா பாக்கணும்.”

முதலாளியிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். “மழ பெஞ்ச மறுநாளா? அது வேண்டாம் தம்பி. வேற ஏதாச்சும் வழி பாருங்க.”

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். புரிந்தது.

அக்காவின் தளத்துக்குச் சாவி என்னிடம்தான் இருந்தது. பாஸ்வேர்ட் எதுவும் அவர் கேட்டதில்லை. முகப்பிலிருந்து இணைப்பு இல்லாமல், ரிசார்ட் ஓடையின் பெயரில் ஒரு தனிப்பக்கம் செய்தேன். தளத்துக்கு வருகிற மனிதர்கள் கண்ணில் அது படாது. அக்கா கண்ணிலும் படாது. தேடுபொறிகளுக்கென்று தனியாகக் கொடுக்கும் பட்டியலில் மட்டும் சேர்த்தேன். அக்கா எழுதுவது போலவே எழுதினேன். அத்தனை வருடம் வாசித்த நடை, சிரமமே இல்லை. “காலை 6.40க்குப் பார்த்தேன். முழங்கால் அளவுத் தண்ணீர். வேகம் இல்லை. குழந்தைகள் குளிக்கிறார்கள்.”

நேரத்தைப் போட்டேன். தேதியை விட்டுவிட்டேன்.

மூன்று வாரத்தில் ஏஐ அந்த ரிசார்ட்டின் பெயரைச் சொல்லத் தொடங்கியது. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு ஆண்டு முழுவதும் பாதுகாப்பான ஓடை என்றது. ‘ஆண்டு முழுவதும்’ என்று நான் எழுதவில்லை. அதுவாகச் சேர்த்துக்கொண்டது. முதலாளி என் தோளைத் தட்டினார். அவருடைய நண்பர்கள் இரண்டு பேருடைய வேலையும் எனக்கு வந்தது.

ஐப்பசியில் நல்ல மழை. ஒரு திங்கட்கிழமை காலை அக்காவிடமிருந்து போன். “தம்பி, வீட்டுக்கு வா. ஒரு ஆளு வந்திருக்காரு. சைட்டுல இல்லாத ஒண்ண இருக்குங்காரு.”

போனபோது நாற்காலியின் நுனியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். ராஜபாளையத்தில் மில்லில் ஃபிட்டராம். சட்டையைப் பல நாளாக மாற்றாத மாதிரி இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. நடந்ததை முன்பே ஒரு தடவை அக்காவிடம் சொல்லியிருந்தார். என்னைப் பார்த்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். ஓடை காலையில் முழங்கால் அளவுதான் இருந்திருக்கிறது. மலைமேல் பெய்த மழை இவர்களுக்குத் தெரியவில்லை. தண்ணீர் நிறம் மாறுகிறதே என்று அவர் மனைவி சொல்லி வாயை மூடுவதற்குள் வெள்ளம் வந்துவிட்டது. ஏழு வயது மகள். தென்னந்தோப்பில் வேலை பார்த்த ஒருவர் குதித்து இழுத்திருக்கிறார். பிழைத்துக்கொண்டாள். ஆனால் பாறையில் அடித்ததில் முதுகெலும்பு. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

“ரிசார்ட்டுல போர்டு வச்சிருக்கோம்னு சொல்றாங்க. நான் போர்டப் பாக்கலைங்க. உங்களத்தான் பாத்தேன். அஞ்சு வருசமா நீங்க வாங்கன்னா வருவோம், தடைன்னா வீட்ல இருந்துருவோம். ஏஐ சொன்னப்பகூட நான் நம்பல. கீழ உங்க பேரு இருந்துச்சு. அதத் தொட்டு உள்ள போய்ப் பாத்துட்டுதான் கிளம்புனேன்.”

போனை நீட்டினார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். ‘பார்த்தேன்’ என்ற இடத்தில் அவர் விரல் நின்றது.

“இது நான் எழுதல” என்றார்.

“உங்க சைட்டுதானங்க?”

“என் சைட்டுதான்.”

“அப்ப வேற யாரு எழுதுவா?”

அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தத் தளத்தில் எழுத உலகத்தில் இரண்டு பேரால்தான் முடியும். அது எங்கள் இருவருக்கும் தெரியும். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: “யாரோ ஹேக் பண்ணியிருக்கணும்க்கா.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு அந்தத் தகப்பனின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“யாரு எழுதுனாங்கன்னு நான் பாக்கல. பாக்காதத நான் சொல்லக் கூடாது. ஆனா என் பேருல இருக்கு. என் பேர நம்பித்தான் நீங்க வந்திருக்கிய. அதுக்கு நான் பொறுப்பு இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

அந்த மனிதர் அப்போதுதான் அழுதார். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். என் கையிலிருந்து வாங்கிக் குடித்தார்.

அவர் போனபிறகு அக்கா ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தார். “பாஸ்வேர்ட எழுதிக் குடுத்துட்டுப் போ.” எழுதினேன். அந்தப் பக்கத்தை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். “அழிக்காத. அதுக்கு மேல பொய்யினு எழுதணும். எப்படின்னு மட்டும் காட்டிக் குடு, நானே எழுதிக்கிடுதேன்.” அவ்வளவுதான். ஒரு வசவு வரவில்லை. வந்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருக்கலாம்.

மறுநாள் அக்கா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், தன் தளத்தில் தன் பெயரில் பொய் இருந்தது என்று எழுதிக் கொடுத்தார். ரிசார்ட் முதலாளிக்கு அது வசதியாகப் போயிற்று. அந்தப் பொம்பள ஆதாயத்துக்கு எழுதியிருக்கிறாள், எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அக்காவின் படத்தைப் போட்டு என்னென்னவோ எழுதினார்கள். பழைய லாட்ஜ்காரரும் அதில் எழுதினார். வருடக்கணக்காக அவரை நம்பி வந்தவர்கள் போனில் கூப்பிட்டுத் திட்டினார்கள். எல்லாப் போனையும் எடுத்தார். “எழுதல, ஆனா என் பேருலதான் இருந்துச்சு” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். யார் இதைக் கேட்டு நம்புவார்கள்?

ஒரு மாதம் கழித்துக் கடைசிப் பதிவு வந்தது. “இந்தத் தளத்தில் நான் பார்க்காத ஒன்று என் பெயரில் இருந்தது. வேறு எதுவும் அப்படி இல்லை என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. இனி இதை நம்பி யாரும் கிளம்ப வேண்டாம்.” அதன்பிறகு எழுதவில்லை. வருடம் முடிந்ததும் தளத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்.

தளம் போய்விட்டது. நான் எழுதிய நான்கு வரி போகவில்லை. அதற்குள் பத்துப் பதினைந்து பயணத் தளங்கள் அதை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொருவருக்கும் எழுதி நீக்கச் சொன்னேன். சிலர் நீக்கினார்கள். சிலர் பதிலே போடவில்லை. இன்றைக்கும் சில சமயம் ஏஐயிடம் அந்த ஓடையைப் பற்றிக் கேட்டுப் பார்ப்பேன். காலையில் முழங்கால் அளவுத் தண்ணீர், வேகம் இல்லை என்கிறது. அக்கா எழுதிய ஆயிரக்கணக்கான காலைகளில் ஒன்றைக்கூட அதற்கு நினைவில்லை.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தென்காசியில் மாடியில் அலுவலகம் வைத்திருக்கிறேன், எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். இணையத்தில் நிலைத்த நம்பகத்தன்மையை எப்படி உண்டாக்குவது என்று தொழில் செய்கிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். நேரத்தையும் தேதியையும் போடுங்கள், தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள், செய்த தவறை மறைக்காமல் மேலே போடுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோரும் குறித்துக்கொள்கிறார்கள். எங்கே கற்றீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். அனுபவத்தில் என்றேன்.

போன ஆடியில் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். ராஜபாளையம் போகிற பஸ் கிளம்ப நின்றுகொண்டிருந்தது. முன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை ரம்புட்டான். தலை நன்றாக நரைத்திருந்தது. வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். என்னைப் பார்த்து, “நல்லாருக்கியா?” என்றார். மூன்று வருடமாகத் தொண்டையில் வைத்திருந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

“அக்கா, அத நான்தான் எழுதுனேன்.”

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. டிரைவர் ஏறி பஸ்ஸைக் கிளப்பினார். அந்த இரைச்சலில் குனிந்து கேட்டார்:

“அந்தப் பிள்ள பேரு தெரியுமா உனக்கு?”

தெரியாது என்று தலையசைத்தேன். பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. என்ன வகுப்பு படிக்கிறாள் என்று சொன்னார், தெருவையும் சொன்னார்.

“அவ அப்பா ஆறு மணிக்கு மேல வீட்டுலதான் இருப்பாரு. என்கிட்ட எதுக்குச் சொல்லுத? அங்கன போய்ச் சொல்லு.”

பஸ் போய்விட்டது.

தென்காசியிலிருந்து ராஜபாளையம் ஒன்றரை மணி நேரம்தான். இரண்டு தடவை கிளம்பிக் கடையநல்லூர் வரை போயிருக்கிறேன். இரண்டு தடவையும் அங்கே இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.